ஒத்திகைக்குக் கொடுத்த டின்

பேரிடர்த் தயார்நிலைத் துறையில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வெள்ளம், தீ, கொள்ளைநோய் என்று எதைச் சொன்னாலும் உல்லாசப் பயணத்துக்குத் திட்டம் போடுகிற உற்சாகம் வந்துவிடும். "துறைமுகத்தை மூடிட்டாங்கன்னு வெச்சுக்குவோம்" என்று ஒருவர் ஆரம்பித்தால், "பாலமும் இடிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குவோம் சார்" என்று இன்னொருவர் தாராளமாக இடித்துவிடுவார். சாயங்காலம் ஆனதும் இடிந்த பாலத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவோம்.

நான் அங்கே குழந்தை உணவுப் பிரிவின் துணை அதிகாரி. நெருக்கடி வந்தால் பால் பவுடர் இல்லாமல் ஒரு கைக்குழந்தையும் தவிக்கக் கூடாது; அதுதான் என் பிரிவின் வேலை. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் கூரை முட்டப் பால் டின்களை அடுக்கி வைத்திருக்கிறோம். காலாவதி ஆகும் முன் பழையதை மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிட்டுப் புதியதை அடுக்குவோம். நெருக்கடிக்கு என்று ஒரு டின்னைக்கூட இதுவரை எடுத்ததில்லை. அது எங்களுக்குப் பெருமை.

அந்தப் பெருமைக்குக் காவல், சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் கிடங்கு அண்ணன். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், அவரைவிட மூத்தவர்களுக்கும். டின்களைத் தினமும் துணியால் துடைப்பார். ஒருமுறை தேதி பார்ப்பதற்காக ஒரு டின்னைத் திருப்பினேன். "சொல்லியிருந்தா நானே திருப்பிக் காட்டியிருப்பேனே மேடம்" என்றார், நான் ஏதோ அவர் பிள்ளையைக் கிள்ளிவிட்டது போல.

எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முன்னெச்சரிக்கை. வெயில் காயும் நாளிலும் கையில் குடை இருக்கும். அது தொலைந்து போனால் என்ன செய்வது என்று மேசைக்குள் இன்னொன்று. லிப்ட் நின்றுவிடும் என்று படியேறுவார். படி வழுக்கும் என்று கைப்பிடியை விடமாட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கெட்டது எதுவும் நடந்துவிடக் கூடாதே என்று ஒருவர் இவ்வளவு கவலைப்பட்டால், அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது, நிம்மதியாகப் பக்கத்தில் உட்காரவும் முடியாது.

அவர்தான் ஒத்திகை வைக்க வேண்டும் என்றார். துறைமுகம் மூடிக் கடைகளில் பால் பவுடர் தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வது. கிடங்கைத் திறந்து, வரிசையில் நிற்கும் தாய்மாருக்கு டின் கொடுப்பது. ஒத்திகை முடிந்ததும் எல்லா டின்களையும் திரும்ப வாங்கி அடுக்கிவிடுவது. தாய்மாராக நடிக்க எங்கள் அலுவலகத்து ஆட்களே. குழந்தைக்குச் சுருட்டிய துண்டு. கணக்கு அதிகாரி, மீசை வைத்த ஆறடி மனிதர், "எனக்கு ரெட்டைக் குழந்தைன்னு போட்டுக்குங்க. ரெண்டு டின் கேட்டா என்ன பண்றீங்கன்னு பாக்கலாம்" என்றார். அவர் இரண்டு துண்டுகளை மாறி மாறித் தோளில் போட்டுத் தட்டிப் பழகிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இதுவரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று வந்தது. 'வரும் வெள்ளிக்கிழமை எங்கள் வளாகத்தில் ஒத்திகை நடைபெறும்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். முன்னெச்சரிக்கை அதைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஜனங்க பயந்துட்டா?"

"இதுல பயப்பட என்ன சார் இருக்கு?"

"அதத்தான் சொல்லிடுவோம்" என்று பேனாவைத் திறந்தார். 'குழந்தைகளுக்கான பால் பவுடருக்குத் தற்போது எந்தத் தட்டுப்பாடும் இல்லை. பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம். தேவைக்கு மேல் வாங்கிச் சேமிக்க வேண்டாம்.' கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். செய்தித்தாளிலும் வானொலியிலும் வந்தது. ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஒட்டினார்கள்.

இப்போது என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு என் தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சாப்பிடும் மருந்து கடுமையானது, அதனால் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம், பால் பவுடர்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பதால் பிள்ளையோடு என் வீட்டில் வந்து இருந்தாள். பிள்ளைக்கு நான் வைத்த பெயர் மேலதிகாரி. கண்ணைத் திறந்தால் பாட்டில் எதிரே இருக்க வேண்டும். தாமதமானால் காலை உதைத்து, முஷ்டியை மடக்கி, வீட்டில் உள்ள எல்லோரிடமும் விளக்கம் கேட்பான்.

அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் தங்கை டின்னுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாதிக்குக் கீழ போயிடுச்சு. எதுக்கும் ரெண்டு டின் வாங்கி வெச்சிடலாமா?"

"எதுக்கு? தட்டுப்பாடு இல்லன்னு போட்டிருக்கோம்ல."

"போட்டிருக்கீங்க. அதான் பயமா இருக்கு."

"என்ன பேச்சு இது? தீர்ற நேரத்துல வாங்கிக்கலாம். நாங்க சொன்னத நானே நம்பலன்னா வேற யாருடி நம்புவா?"

அந்தக் கேள்விக்கு இரண்டே நாளில் பதில் கிடைத்தது. ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. அந்த அறிவிப்பை நம்பிய ஒரே ஆள் நான்தான்.

வியாழக்கிழமை காலையில் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். பால் டின் இருக்கும் தட்டு காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே எங்கள் அறிவிப்பு, கொட்டை எழுத்துக் கடைசி வரியோடு, நேராக ஒட்டியிருந்தது.

"அத ஒட்டிட்டுத் திரும்பறேன், வரிசை நிக்குதுங்க" என்றார் கடைக்காரர். "பிள்ளை இருக்கறவங்க, இல்லாதவங்க, பிள்ளைக்கே கல்யாணம் ஆனவங்க, எல்லாரும் வந்துட்டாங்க. ஒருத்தர் எதுக்குன்னே தெரியாம வரிசைல நின்னு, முன்னாடி வந்ததும் என்ன விக்கறீங்கன்னு கேட்டார்."

"அடுத்த சரக்கு எப்ப வரும்?"

"கம்பெனி லாரி அடுத்த வாரம்தான். இன்னிக்கு மட்டும் எத்தனை தாய்மாரைத் திருப்பி அனுப்பிட்டேன் தெரியுமா? நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

இருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

அடுத்த கடையிலும் அதே தட்டு, அதே அறிவிப்பு. மருத்துவமனையில் கேட்டேன், படுக்கையில் சேர்த்த குழந்தைகளுக்கே இழுத்துப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மாடி வீட்டுக்காரர் நான்கு டின் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டுக் கதவைத் தட்டினால், அவற்றை அன்று காலையே வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிட்டாராம். மகளுக்குக் குழந்தையா என்றேன். பேரன் ஆறாவது படிக்கிறானாம்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை டின்னைச் சாய்த்துக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலைல வரைக்கும் வரும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "தண்ணியக் கொஞ்சம் கூட ஊத்திக் கலக்கினா?" என்று கேட்டாள்.

"கூடாது. அளவு குறைஞ்சா அவன் உடம்புக்கு ஆகாது. ஒரு கரண்டிக்கு எவ்வளவு தண்ணியோ அவ்வளவுதான்."

"எல்லாம் தெரியுது உனக்கு. ஒரு டின் வாங்கத்தான் தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. என் பிரிவின் பெயரே குழந்தை உணவுப் பிரிவு. கையெட்டும் தூரத்தில் மலை போல் டின் இருக்கிறது. என் வீட்டுப் பிள்ளைக்கு நாளை மதியத்துக்குப் பால் இல்லை. வேறு யார் இப்படிச் செய்திருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். திட்ட வேண்டிய ஆள் நானாகவே இருந்ததால், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

முன்னெச்சரிக்கையின் அறையில் அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை.

"சார், கிடங்கைத் திறக்கணும்" என்றேன்.

"நெருக்கடின்னு அறிவிக்காம எப்படித் திறக்கறது?"

"அறிவிச்சிடுங்க."

"எந்த நெருக்கடின்னு அறிவிக்க? வெள்ளம் இல்ல. தீ இல்ல. நோய் இல்ல. துறைமுகம் நல்லா நடக்குது." விதிப் புத்தகத்தைப் பாவமாகப் புரட்டினார். "துறை குடுத்த அறிவிப்பால வந்த தட்டுப்பாடுன்னு இதுல ஒரு வகையே கிடையாதும்மா. தவிர, நெருக்கடின்னு வானொலியில சொன்னா இன்னும் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

கணக்கு அதிகாரி தொண்டையைச் செருமினார். "இன்னொரு அறிவிப்புக் குடுத்தா? உண்மையிலேயே தட்டுப்பாடு இல்லன்னு?"

"குடுங்க. கடைல மிச்சம் இருக்கற சோப்பும் தீந்து போகட்டும்" என்றேன்.

என் தங்கையின் டின்னைப் பற்றிச் சொன்னேன். முன்னெச்சரிக்கையின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார். "உங்க வீட்டுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்தா மத்த வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?" அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போன முன்னெச்சரிக்கை வழக்கத்தைவிட முன்பாகத் திரும்பி வந்தார். கையில் குடை இல்லை. அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நேராக என் மேசைக்கு வந்து ஒரு பையை வைத்தார். உள்ளே ஐந்து பால் டின்கள்.

"என் வீட்டம்மா வாங்கினது. அலமாரில துணிக்குப் பின்னாடி இருந்துச்சு."

"உங்க வீட்ல யாருக்கு சார்?"

"அதத்தான் நானும் கேட்டேன். பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே பேசல. 'வேண்டாம்னு நீங்க அவ்வளவு பெரிய எழுத்துல போட்டா வேற என்ன நினைக்கறது'ன்னு என்னையே கேக்கறா." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "என் பேச்ச என் வீட்லயே நம்பலம்மா."

ஆவலாக ஒரு டின்னை எடுத்துப் பார்த்தேன். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கானது. அந்த அம்மா கிடைத்ததை அள்ளியிருக்கிறார். எங்கள் மேலதிகாரிக்கு இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை. டின்னைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"வேற வழியே இல்லையா?" என்றார். நான் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எதிர் மேசையில் கணக்கு அதிகாரி தன் இரட்டைக் குழந்தைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்கு ஒத்திகை இருக்குல்ல?"

"இந்த நிலைமைல ஒத்திகையா? நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"நிறுத்தாதீங்க. ஒத்திகைக்குக் கிடங்கைத் திறக்கலாம்னு அனுமதி இருக்கு. டின்ன வெளிய எடுத்து வரிசைல நிக்கற தாய்மார் கையில குடுக்கலாம்னும் இருக்கு. வரிசைல நிக்கறது நம்ம ஆளுங்கதான்னு எங்கயாவது இருக்கா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். புரியப் புரிய அவருக்கு வேர்த்தது.

"ஒத்திகை முடிஞ்சா டின்னெல்லாம் திரும்பி வரணுமேம்மா."

"வரும் சார்."

"எப்ப?"

"பிள்ளைங்க ஒத்திகைய முடிச்சதும்."

அன்று வரை குடை இல்லாமல் வெளியே இறங்காத மனிதர் அவர். கடைசியில் எழுந்து, "மேலிடத்துலேர்ந்து பார்வையாளர் வேற வர்றார்" என்று முனகினார். பிறகு, "வரட்டும்" என்றார்.

சாயங்காலம் முழுக்க மருந்துக் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தொலைபேசியில் பேசினேன். இந்த முறை அறிவிப்பு இல்லை, வானொலி இல்லை. 'உங்களிடம் பால் பவுடர் கேட்டு வெறுங்கையோடு போன தாய்மாரைக் கைக்குழந்தையோடு எங்கள் ஒத்திகைக்கு அனுப்புங்கள்.' அவ்வளவுதான். தெருமுனைக் கடைக்காரர், "ஓ, நீங்க அங்கதானா" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விட்டது அவர் பெருந்தன்மை.

வெள்ளிக்கிழமை காலை வளாகத்தில் தாய்மார் வந்து நின்றார்கள். வந்தார்கள் என்பதைவிடச் சத்தம் வந்தது என்பதே சரி. பசித்த குழந்தைகள் ஒன்றையொன்று உசுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்தன. பார்வையாளர் கையில் அட்டையும் பேனாவுமாக நின்று காதைப் பொத்திக்கொண்டார்.

"அழுகைச் சத்தம் ரொம்ப இயல்பா இருக்கே. பதிவு பண்ணிப் போடறீங்களா?"

"இல்ல சார், நேரடி" என்றேன்.

எங்கள் ஆட்கள் துண்டுகளை ஒளித்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். இரட்டை வேடம் பறிபோன கணக்கு அதிகாரியின் கையில், கைப்பையைத் தேட வேண்டும் என்று ஒரு தாய் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டார். துண்டைத் தட்டிப் பழகிய கை இப்போது எங்கே தட்டுவது என்று தேடியது. சிறிது நேரத்தில் சட்டை நனைந்தது. "மேடம், இது திட்டத்துலயே இல்லையே" என்றார். ஆனால் அந்தத் தாய் திரும்பி வந்து கை நீட்டியபோது உடனே கொடுக்கவில்லை.

கிடங்கு அண்ணன்தான் பாடாய்ப் படுத்தினார். முதல் டின்னை எடுத்து, துடைத்து, ஒரு பெண்ணிடம் நீட்டினார். அவள் பிடித்தாள். இவர் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா, விடுங்க" என்றேன்.

"குடுத்தாத் திறந்துடுவாங்களே மேடம்."

"திறக்கத்தான் அண்ணா செஞ்சது."

அந்தப் பெண்ணின் தோளில் கிடந்த குழந்தை அழுது ஓய்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்தார். கை தானாக விட்டது. "பிடிச்சுக்கோம்மா. ஈரக் கரண்டியப் போட்டுடாத, கட்டி தட்டிடும்" என்றார். அடுத்த டின்னிலிருந்து அவர் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தங்கை வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் நின்றாள். முன்னால் கூப்பிடலாம் என்று கை துடித்தது. முன்னெச்சரிக்கை சொன்ன நியாயம் ஞாபகம் வர, கூப்பிடாமல் நின்றேன். அவள் என்னிடம் முந்தின நாளிலிருந்து பேசவில்லை. மேலதிகாரி விடிந்ததும் குடித்ததோடு சரி. கோபத்தில் முகம் சிவந்து, காலை உதைத்து, அந்த வளாகத்தில் உள்ள அத்தனை பேரையும் வேலையைவிட்டுத் தூக்கிவிடுவேன் என்று கத்திக்கொண்டிருந்தான்.

அவள் முறை வந்தது. டின்னை வாங்கியவளுக்கு, துள்ளுகிற பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு அதைத் திறக்க முடியவில்லை. கொதிக்கவைத்த தண்ணீர் வைத்திருந்த மேசைக்குக் கூட்டிப்போய் நானே கலந்தேன். கரண்டியைத் தலை தட்டி அளந்தேன். குலுக்கினேன். குழாயடியில் பாட்டிலைக் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பாலங்களை இடித்துவிட்டு டீ குடித்தவள் நான். ஒரு பாட்டில் பால் ஆறுகிற நேரம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டில் வாயில் பட்டதும் சத்தம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். முஷ்டி மெல்ல விரிந்து என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. பார்வையாளர் பக்கத்தில்தான் நின்றார், நான் மறைக்கவில்லை.

"அக்கா" என்றாள் தங்கை. "அடுத்த தடவ உங்க ஆபீஸ்ல பயப்பட வேண்டாம்னு சொல்லப் போறீங்கன்னா, எனக்கு முதல் நாளே சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன்.

ஒத்திகை பெரிய வெற்றி என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. தாய்மாராக நடித்தவர்களைப் பார்வையாளர் தனியாகப் புகழ்ந்திருந்தார். ஒரே ஒரு குறை: டின்னைத் திருப்பித் தரும் கட்டத்தில் அவர்கள் சற்றுத் தயக்கம் காட்டினார்களாம்.

அடுத்த வாரம் கம்பெனி லாரி வந்தது. பதற்றப்பட்டு வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வந்து கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அறிவிப்பு எழுதுவதை முன்னெச்சரிக்கை என்னிடமே விட்டுவிட்டார். பேனாவைத் திறக்கும் ஆசை வரும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார். டின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, கழுவி, காயவைத்து, காலியாக. சிலவற்றுக்குள் குழந்தையின் போட்டோ இருந்தது. கிடங்கு அண்ணன் அவற்றையும் துடைத்து, தனி அடுக்கில், முழு டின்களைவிட நேராக அடுக்கினார்.

ஒன்று மட்டும் வரவில்லை. அது எங்களுடையது.

"மேடம், அந்த ஒண்ணு" என்பார் தினமும் காலையில். நாளைக்கு என்பேன். கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் துடைக்கிற துணியோடு. மேலதிகாரி அப்போது உட்காரப் பழகியிருந்தான். கூடத்தின் நடுவில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, கரண்டியால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். டின் நசுங்கி, வர்ணம் போய், பார்க்கச் சகிக்கவில்லை. தங்கை பதறிப்போய் வாங்கப் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விளக்கம் கேட்க ஆரம்பித்தான்.

கிடங்கு அண்ணன் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். டின் வரவில்லை. பிறகு துணியால் அவன் வாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

"விடுங்க மேடம்" என்றார். "ஒண்ணு உபயோகத்துல இருக்குன்னு சொல்லிக்கிறேன்."